காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஏழை எளியவர்கள் நம்பி வரும் இடம் அரசு மருத்துவமனை என்பதால்தான் அங்கே வந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். வயது 59.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்போது 64 வயது. சர்க்கரை நோய் வேறு. ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தவர், அன்று மாலை தொலைபேசியில், "நன்றாக இருந்த மனிதரைக் கொண்டுபோய்விட்டார்களே" என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார். பெரியம்மா விவரம் தெரியாதவர் இல்லை. ஐந்து பேருடைய சீட்டுக் கணக்கைத் தாளில் எழுதாமல் மனத்திலேயே வைத்திருப்பவர். ஒரு தவறான நம்பிக்கையை லட்சக்கணக்கானோர் சேர்ந்து பிடித்துக்கொண்டால் "முட்டாள்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அறிவுள்ள மூளை சரியாக இயங்கும்போதுதான் இந்தப் பிழை பிறக்கிறது.

ஒன்றையடுத்து இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று எடுத்துக்கொள்வது மூளையின் பழைய வழக்கம். பழத்தைத் தின்றேன், வயிற்றுப்போக்கு வந்தது. இனி அந்தப் பழம் வேண்டாம். காட்டில் வாழ்ந்த முன்னோரை இந்த வழக்கம் காப்பாற்றியது. அது இடறும் இடத்துக்கும் நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது வயதை ஒட்டியவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் இறப்பதாகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட பத்து லட்சம் பேருக்கு ஒரே நாளில் வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றினாலும், அடுத்த இரண்டு நாட்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருப்பார்கள். ஊசி போடாவிட்டாலும் அதே ஐம்பது பேர் இறந்திருப்பார்கள். அந்த ஏப்ரலில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பல லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட மறுநாள் மாரடைப்பில் இறக்கவில்லை என்றால்தான் வியக்க வேண்டும்.

ஊசிதான் காரணமா என்று தெரிய நான்கு கூட்டத்தாரை எண்ண வேண்டும்: போட்டு இறந்தவர்கள், போட்டும் நலமாக இருப்பவர்கள், போடாமல் இறந்தவர்கள், போடாமல் நலமாக இருப்பவர்கள். நம் கண்ணில் படுவது முதல் கூட்டம் மட்டுமே. ஊசி போட்டுவிட்டு மறுநாள் வயலுக்குப் போய்க் களை பறித்தவரைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதாது.

பிழை இப்படிப் பிறக்கிறது. ஆனால் பிறந்த பிழையெல்லாம் நிலைப்பதில்லை. இதை நிலைக்க வைத்தது எது?

முதலாவது, திரும்பத் திரும்பக் கேட்பது. 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் உண்மையும் பொய்யுமான வாக்கியங்களை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மதிப்பிடச் சொன்னார்கள். முன்பே கேட்ட வாக்கியங்களை, அவை பொய்யாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாக நம்பினார்கள் மாணவர்கள். பழகிய ஒன்றை மூளை எளிதாக உள்வாங்குகிறது. அந்த எளிமையையே உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பெரியம்மாவின் கைப்பேசிக்கு ஒரே வாட்ஸ்அப் ஒலிப்பதிவு சொந்தக்காரர்கள் குழுவிலிருந்தும், கோயில் குழுவிலிருந்தும், பேரனின் பள்ளிப் பெற்றோர் குழுவிலிருந்தும் வந்தது. பேசியவர் ஒருவர்தான். பெரியம்மாவுக்கோ அது மூன்று சாட்சி.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1994இல் வெளியான ஒரு சோதனையில், கிடங்கில் நடந்த தீ விபத்தைப் பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அலமாரி அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்றது ஒரு செய்தி. அது தவறு, அறை காலியாக இருந்தது என்றது பின்னால் வந்த செய்தி. படித்தவர்கள் திருத்தத்தை மறக்கவில்லை. அது என்ன என்று கேட்டால் சரியாகவே சொன்னார்கள். ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கறுப்பாக இருந்தது என்று கேட்டதும், பெயின்ட் எரிந்ததால் என்றார்கள்! யாரோ திட்டமிட்டுத் தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணத்தைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பெயின்டின் பிடி தளர்ந்தது. மூளையால் தவறான கதையோடு வாழ முடியும். நடுவில் ஓட்டை விழுந்த கதையோடு வாழ்வது அதற்குக் கடினம்.

விவேக்கின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததாகவும், அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அக்டோபரில் ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் அதையே உறுதி செய்தது. மக்கள் காதில் விழுந்ததோ "தொடர்பில்லை" என்ற பாதி மட்டும். அப்படியானால் எப்படி இறந்தார்? பெயின்ட் டப்பாக்களை எடுத்துவிட்டு அறையைக் காலியாக விட்டதுபோல் ஆயிற்று.

உண்மையின் ஒரு துளியும் கலந்திருந்தால் நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்தது உண்மை. விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின். "எந்தத் தடுப்பூசிக்கும் பக்கவிளைவே இல்லை" என்று மேடையில் முழங்கியவர்கள் நல்லெண்ணத்தில்தான் முழங்கினார்கள். ஆனால் அந்த அரிய பாதிப்பு செய்தியானபோது மக்கள் மீதியையும் சந்தேகித்தார்கள்.

இங்கிலாந்தில் 1998இல் நடந்ததும் இதே பனம்பழம்தான். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டார். அந்த ஊசி போடும் வயதும் ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் வயதும் ஏறக்குறைய ஒன்று. அவர் கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, தொடர்பு இல்லை என்று கண்டது. நம்பிக்கை அசையவில்லை. தன் குழந்தைக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்க்கு அந்த ஆறரை லட்சம் என்ன பதில் சொல்லும்?

மூன்றாவது, மௌனம். ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதைத் தெருவில் சொல்வதில்லை. சொன்னால் வாக்குவாதம், பிறகு காய்ச்சல் வந்தால் கேலி. மறுப்பவர்கள் உரக்கப் பேசினார்கள். ஆகவே ஒவ்வொருவரும், ஊரே மறுக்கிறது, நாம் மட்டும்தான் வேறு மாதிரி நினைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். உளவியலாளர்கள் 1930களிலேயே பெயரிட்டுவிட்ட நிலை இது: பெரும்பான்மையே தன்னைச் சிறுபான்மை என்று நினைத்துக்கொள்ளும். தொலைக்காட்சி விவாதம் மருத்துவர் ஒருவர், எதிர்ப்பாளர் ஒருவர் என்று உட்கார வைத்து, துறையே பாதிப் பாதியாகப் பிரிந்து கிடப்பதுபோன்ற தோற்றத்தையும் தந்துவிடுகிறது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. பெரியம்மா அப்போதும் அசையவில்லை. ஜூனில் ஒரு நாள் கிராம சுகாதார செவிலியர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முதலில் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. முற்றத்தில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயை மாற்றிவிட்டுப் போட்டிருந்த பழைய துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து உள்ளே காட்டினார். வெள்ளையாக உப்புப் படிந்து விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. "இது ஒரு நாளில் அடைத்ததா, பெரியம்மா?" என்றார். "விவேக்குக்கும் இப்படித்தான் கொழுப்புப் படிந்தது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, மொத்தமாக அடைத்துக்கொண்டது." எழுந்து போகும்போது, யார் யார் என்று சொல்லாமல், அந்தத் தெருவில் பதினான்கு பேர் போட்டாகிவிட்டது என்றார். பெரியம்மா அந்த எண்ணை நம்பாமல் இரண்டு முறை கேட்டார்.

அடுத்த வாரம் முதல் தவணை, பிறகு இரண்டாவது. இன்றும் தொலைக்காட்சியில் விவேக் நகைச்சுவை வந்தால் ஒலியைக் கூட்டி வைப்பார். பாதியில் பெருமூச்சு விட்டு, "அந்த ஊசி மட்டும் போடாமல் இருந்திருந்தால்" என்பார். நான் குழாயைப் பற்றி நினைவுபடுத்துவேன். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் திரையைப் பார்ப்பார்.