நாற்ற அமிலம் அன்னாசி வாசனை ஆவது எப்படி?

பியூட்டிரிக் அமில பாட்டிலைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஊசிப்போன வெண்ணெயில் அடிக்கும் நாற்றம் அதுதான், வாந்தியிலும் உண்டு. அதனுடன் எத்தனால் என்ற ஆல்கஹாலும் சில துளி அடர் கந்தக அமிலமும் சேர்த்து, சோதனைக் குழாயை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஊற்றுங்கள். மிஞ்சிய அமிலம் நுரைத்து அடங்கியதும் அன்னாசி வாசனை கிளம்பும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் 'பழவாசனை' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அமில மூலக்கூறுகள், ஒன்றின் ஹைட்ரஜன் மற்றொன்றின் ஆக்சிஜனை ஈர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்பால், இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹாலிலும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் இருப்பதால் இந்தப் பிடிப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றினால் எஸ்டர். அதன் ஆக்சிஜனில் ஹைட்ரஜன் கிடையாது. ஒன்றையொன்று அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது. பியூட்டிரிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 88, கொதிநிலை சுமார் 164 டிகிரி செல்சியஸ். அதுவும் எத்தனாலும் சேர்ந்து உருவாகும் எஸ்டரான எத்தில் பியூட்டிரேட்டின் நிறை 116; அன்னாசி வாசனை இதனுடையதுதான். ஆனாலும் சுமார் 121 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எளிதில் ஆவியாகி மூக்கை எட்டுவது அதனால்தான். மூலக்கூறின் வடிவம் மாறியதால் மூக்கு உணரும் வாசனையும் வேறு.

வெளியேறும் நீரின் ஆக்சிஜன் யாருடையது? 1938-இல் வேதியியலாளர்கள் ராபர்ட்ஸும் ஹெரால்டு யூரேயும் கனமான ஆக்சிஜன்-18 கொண்ட மெத்தனாலை பென்சாயிக் அமிலத்துடன் வினைபுரிய வைத்தார்கள். அந்த ஆக்சிஜன் எஸ்டரிலேயே தங்கிவிட்டது. ஆக, ஆக்சிஜனை இழந்தது அமிலம்தான். கந்தக அமிலம் கொடுக்கும் புரோட்டான் அமிலத்தின் கார்பாக்சில் (-COOH) தொகுதியின் ஆக்சிஜனில் ஏறுகிறது. பக்கத்துக் கார்பனுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை கூடுகிறது. ஆல்கஹாலின் ஆக்சிஜன் அங்கே வந்து இணைகிறது.

ஆனால் வினை முழுசாக முடியாது. 1862 வாக்கிலேயே பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெர்த்தலோவும் சான்-ஜில்லும் இதைக் கண்டார்கள்: வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் சம மோல் (சம எண்ணிக்கை மூலக்கூறுகள்) எடுத்தால், மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் நின்றுவிடும். அதற்குமேல், உருவாகும் வேகத்திலேயே நீர் எஸ்டரை உடைக்கிறது. வாழைப்பழ வாசனைக்கான ஐசோஅமைல் அசெட்டேட் என்ற எஸ்டரை ஆய்வகத்தில் செய்யும்போது, விலை குறைந்த அசெட்டிக் அமிலத்தை அளவுக்கு அதிகமாக ஊற்றுவது இந்தத் தடையைத் தாண்டத்தான்.

ஆஸ்பிரினும் ஒரு எஸ்டர். பழைய மாத்திரை டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஈரம் புகுந்து அது சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரியத் தொடங்கிவிட்டது. குப்பையில் போட்டுவிடலாம்.