கண்டினியூஸ் மோஷன்: வீச்சுத் தொடர்ச்சி

தஞ்சாவூர், மன்னார்குடி கூடைப்பந்துக் களங்களில் ஓரத்திலிருந்து "கவுண்ட், கவுண்ட்!" என்று கத்துகிறவருக்கும், "விசில் அடிச்ச பிறகுதானே சார் பந்து போச்சு" என்று நடுவரிடம் மல்லுக்கு நிற்கிறவருக்கும் நடுவில் சிக்கிக் கிடக்கும் சொல் இது.

கூடையை நோக்கி வீசத் தொடங்கிவிட்ட ஆட்டக்காரர் மீது எதிரணியினர் ஃபவுல் செய்தால், அந்த வீச்சை முடிக்க அவருக்கு உரிமை உண்டு. இடையில் விசில் ஒலித்தாலும் பந்து செத்துவிடாது. விழுந்தால் புள்ளியும் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் கூடைக்கு வீசும் வாய்ப்பு). விழாவிட்டால் இரண்டு ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளிப் பகுதியிலிருந்து வீசியிருந்தால் மூன்று.

'ஃபவுல்' பழைய ஆங்கிலத்தில் அழுக்கு, அழுகல். நம் 'தவறு' அவ்வளவு கடுமையானதல்ல. ஆட்டத்துக்கு அதுவே பொருத்தம். ஷூட்டிங் ஃபவுலை 'வீச்சுத் தவறு' எனலாம். 'கண்டினியூஸ்' லத்தீனில் 'சேர்த்துப் பிடித்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. 'தொடர் இயக்கம்' என்று அப்படியே பெயர்த்தால் ட்ரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டித் தட்டி, ஓடுவதும் அதில் அடங்கிவிடும், குழப்பமே அங்கேதான். 'வீச்சுத் தொடர்ச்சி' என்றால் வீச்சு முதலில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

எப்போது தொடங்குகிறது? நின்ற இடத்திலிருந்து வீசினால், பந்து கூடையை நோக்கி மேலெழும்போது. லே-அப் போல ஓடிவந்து வீசினால், ட்ரிபிள் முடிந்து பந்து கையில் நிலைகொண்டவுடன். கால் எத்தனை அடி வைத்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால் நடுவர் பார்க்க வேண்டியது இரண்டு: உடல் பட்ட கணம், அப்போது பந்து இருந்த நிலை. விசில் எப்போதும் சற்றுப் பிந்தித்தான் வரும்; அதை வைத்து முடிவு செய்வதுதான் பள்ளி ஆட்டங்களில் அதிகம் நடக்கும் பிழை.

ட்ரிபிள் செய்யும்போதே இடித்துவிட்டால், அடுத்து எவ்வளவு அழகாக வீசினாலும் புள்ளி இல்லை. வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டியதுதான். ஆட்டத்தின் அந்தக் குவார்ட்டரில் (கால் பகுதி நேரத்தில்) எதிரணிக்கு அது ஐந்தாவது அல்லது அதற்கு மேற்பட்ட அணித் தவறானால் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஐப்பசி மழையில் நனைந்த சிமென்ட் தரையில் தானே வழுக்கி விழுவது ஃபவுலே அல்ல.

இடிபட்டவர் வீசாமல் பந்தைப் பக்கத்தாளுக்குக் கொடுத்துவிட்டால், அவர் வீச்சில் இருந்ததாகக் கணக்கில்லை. விசிலுக்குப் பின் புதிதாக ஒரு வீச்சைத் தொடங்கினாலும் புள்ளி சேராது. தொடர்ச்சி ஓடும்போதே, பந்து கையை விடுமுன் ஆட்ட நேர மணி அடித்துவிட்டால் கூடை செல்லாது. ஃபவுல் மணிக்கு முந்தியது என்றால் ஃப்ரீ த்ரோ மட்டும் நிற்கும்.