குவாலா பவுண்டரி: எல்லையா, காணியா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்குக் கோடியில், ஸ்மோக்கி மலைகளுக்கும் புளூ ரிட்ஜுக்கும் நடுவே இருக்கும் சிற்றூர் கல்லவீ. தனக்கென்று நகராட்சிகூட இல்லாத ஊர். 1889இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய மேற்குக் கரோலினாப் பல்கலைக்கழகம்தான் அங்கே எல்லாம். அதன் அண்டை மக்கள், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் கிழக்குக் குழுவினர். அவர்களுடைய நிலத்துக்குப் பெயர் 'குவாலா பவுண்டரி'. 'குவாலா எல்லை' என்று தமிழாக்கினால் ஏதோ சோதனைச்சாவடி என்று தோன்றும்.

முதற்சொல் எளிது. செரோக்கி மொழியில் 'ப' ஒலி கிடையாது. 'பாலி' என்ற பெண்பெயர் அவர்கள் வாயில் 'குவாலி' ஆனது. அப்படி ஒரு மூதாட்டியின் பெயர் அங்கிருந்த வணிகச் சாவடிக்கு வழங்கி, பிறகு வட்டாரத்துக்கே நிலைத்தது என்பர்.

சிக்கல் 'பவுண்டரி'யில். அவ்வட்டாரத்து அப்பலாச்சிய மலைப்பேச்சில் அது எல்லைக்கோட்டை மட்டும் குறிப்பதில்லை, கோட்டுக்குள் அடங்கிய நிலத்தையும் குறிக்கும். நம் கிரயப் பத்திரங்களில் 'இந்நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம்' என்போமே, அதில் 'உட்பட்ட நிலம்'தான் இங்கே பவுண்டரி.

அமெரிக்கப் பழங்குடி நிலங்களுக்குப் பொதுவாக வழங்கும் 'ரிசர்வேஷன்' என்ற சொல்லைக் கொண்டு 'ஒதுக்கீட்டு நிலம்' என்றாலும் சரிவராது. (இட ஒதுக்கீட்டோடு குழம்பும் என்பது தனி.) அரசு ஒதுக்கித் தந்த நிலம் அல்ல இது, விலைக்கு வாங்கியது. 1838இல் செரோக்கிகளைப் படை கொண்டு மேற்கே விரட்டியபோது மலைக்குள் தங்கிவிட்ட சிலரின் வழியினர் இவர்கள். தம் பெயரில் நிலம் வாங்க அவர்களுக்குச் சட்டம் இடந்தரவில்லை. அதனால் தலைவர் யோனாகுஸ்கா மகனாக ஏற்று வளர்த்த வெள்ளையர் வில்லியம் ஹாலண்ட் தாமஸ் தன் பெயரில் வாங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பின் அவர் கடனில் மூழ்க, கடன்காரர்கள் நிலத்தின் மேல் பாய்ந்தார்கள். வழக்காடித்தான் மீட்க வேண்டியிருந்தது. 1876இல் நில அளவை நடந்தது. 1925 முதல் அமெரிக்க ஒன்றிய அரசு அதைக் குழுவின் சார்பில் பொறுப்புரிமையாக (டிரஸ்ட்) வைத்திருக்கிறது. சிதறிக் கிடக்கும் துண்டுகளையும் சேர்த்தால் சுமார் 57,000 ஏக்கர். குழுவின் உறுப்பினர் தம் அனுபோக நிலத்தை இன்னோர் உறுப்பினருக்குத்தான் மாற்றித் தரலாம், வெளியாருக்கு விற்க முடியாது.

இதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: காணி. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது வழிவழி உரிமையுள்ள நிலம். ஈழத்தில் இன்றும் அன்றாட வழக்கு. ஆகவே 'குவாலாக் காணி'. நூறு குழி கொண்ட நில அளவையான காணியோடும், பொதிகை மலைக் காணிக்காரரோடும் யாராவது குழப்பிக்கொண்டால், முதன்முறை மட்டும் 'குவாலாக் காணி நிலம்' என்று எழுதினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இன்று செரோக்கிகளின் கையிலுள்ள காணி வேறு, அவர்கள் முன்பு வாழ்ந்த பரந்த தாயகம் வேறு. பல்கலைக்கழகம் காணிக்கு வெளியே இருக்கிறது, தாயகத்துக்கு உள்ளே. வளாகம் நிற்கும் இடம் 'இரண்டு சிட்டுக்குருவிகளின் இடம்' என்று பொருள்படும் பழைய செரோக்கி ஊர். இன்று அங்கே செரோக்கி மொழி கற்பிக்கிறார்கள், பெயர்ப்பலகைகளிலும் செக்கோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்கு வகுத்த எழுத்து இருக்கிறது. அதே வளாகத்தில் செரோக்கிகளின் பழைய மண்மேடு ஒன்றும் இருந்தது. 1950களில் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுத்தான் கில்லியன் கட்டடத்தை எழுப்பினார்கள்.