வில்லனுக்குப் பிணங்கள் தேவையில்லை

இந்த வாரம் வந்த நாவல் கைப்பிரதியிலும் அதே காட்சி. வேலையைச் சொதப்பிய அடியாளை வில்லன் முதல் அத்தியாயத்திலேயே சுட்டுக் கொல்கிறான். அடுத்த அத்தியாயத்தில் ஊரையே கொளுத்துவேன் என்று கத்துகிறான். எடிட்டராக இதைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

அந்த அடியாளுக்குப் பெயர்கூட இல்லை. அவன் செத்தால் வாசகருக்கு என்ன போச்சு? பிணங்களைக் கூட்டினால் பயமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்துக் கொலையை நூறாக்கினாலும் கூடாது. நாம் நேசிக்கத் தொடங்கிய ஒருவரிடமிருந்து ஏதோ பறிபோகப் போகிறது, அது நிஜமாகவே போய்விடும் என்று தோன்றினால்தான் வயிறு கலங்கும். எல்லா மோதலிலும் நாயகனே ஜெயித்தால் அப்படி எப்படித் தோன்றும்?

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படியுங்கள். அங்கே வில்லன் ஒரு பொற்கொல்லன். படையும் இல்லை, வாளும் இல்லை. அரசியின் சிலம்பைத் திருடியதே அவன்தான். மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் அவன் தேவை. கோவலன் தானாகவே வந்து, சிலம்பு விற்க வேண்டும் என்கிறான். அரசியின் ஊடலைத் தீர்க்கக் கிளம்பிய பாண்டியனிடம் கொல்லன் பொய் சொல்ல, அரசன் விசாரிக்காமல் கொலைக்கு ஆணையிடுகிறான். காவலர்களோ கோவலனைப் பார்த்து, இவன் கள்வனாக இருக்க முடியாது என்று தயங்குகிறார்கள். நமக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கிப் பாடமே எடுக்கிறான். பொறுமையாகப் பேசுகிறான், பாருங்கள், அதுதான் பயங்கரம். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அன்றைக்குத்தான் ஆயர் வீட்டில் கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தில் பரிமாறி, வெற்றிலை பாக்கு கொடுத்திருந்தாள். கோவலனும் தான் செய்ததை எல்லாம் நினைத்து வருந்தியிருந்தான். மதுரை எரிவது அப்புறம். பறிபோவது, அந்தச் சாப்பாட்டோடு மறுபடி தொடங்கிய குடித்தனம்.

சரி, எழுத உட்காரும்போது செய்ய வேண்டியது இதுதான். வில்லனுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘உலகை ஆள வேண்டும்’ என்று வந்தால் அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். கதையின் பாதிக்குள் நாயகன் ஒருமுறையாவது தோற்கட்டும், இழந்தது திரும்பக் கிடைக்கக் கூடாது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வில்லன் பக்கம் பக்கமாக வசனம் பேசினால் வெட்டுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன். வில்லன் கெட்டவன் என்று காட்ட, நாயகனின் தங்கையை வன்புணர்வுக்கு ஆளாக்குவதை நிறுத்துங்கள். பெரும்பாலான கைப்பிரதிகளில் அவளுக்கு அதற்கு முன்பு ஒரு வசனம் கிடையாது, பின்பு ஒரு காட்சியும் கிடையாது. அவளுக்கென்று ஓர் ஆசை, ஒரு பிடிவாதம், அண்ணனோடு தீராத ஒரு சண்டை கொடுங்கள். அதன் பிறகு வில்லன் அவள் வீட்டு வாசலில் நின்று, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாலே வாசகர் பதறிப்போவார்.