நித்திரையை அங்குரார்ப்பணம் செய்யாதீர்கள்

போன கிழமை மட்டும் மூன்று வேலை விண்ணப்பக் கடிதங்கள் திருத்தினேன். மூன்றிலும் 'கமென்ஸ்' (commence), தொடங்குவதற்கு ஒரு பெரிய சொல். மூன்றாவதை எழுதிய பிள்ளை ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் போட்டிருந்தாள். பள்ளிப் படிப்பைக் கமென்ஸ் பண்ணினாளாம், கணினி வகுப்பைக் கமென்ஸ் பண்ணினாளாம், கடைசி வரி "ஐ கமென்ஸ் மை டே அட் ஃபைவ் வித் எ கப் ஒஃப் டீ". சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு நானும் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் பின்னேர வகுப்பு எடுக்கிற எந்த ஆங்கில ஆசிரியரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். தவறு பிள்ளைகளில் மட்டும் இல்லை. "சேர், பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிய சொல்லுகளாச் சொல்லிக் குடுங்கோ" என்று கேட்கிற அப்பாமாரை நான் கணக்கு வைப்பதையே விட்டுவிட்டேன். ஸ்டார்ட் என்பது ஆட்டோக்காரன் சொல்கிற சொல், பிகின் ஆறாம் வகுப்புச் சொல், கமென்ஸ்தான் படித்தவர் சொல் என்று இங்கே ஒரு ஏணி கட்டி வைத்திருக்கிறோம். அப்படி ஒரு ஏணி ஆங்கிலத்தில் இல்லை.

கமென்ஸ் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 1066 இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் நடந்தது, அந்த வழியாக உள்ளே வந்த சொற்கூட்டத்தில் இதுவும் ஒன்று. பிகின் அதற்கு முதலே வீட்டில் இருந்த சொல். வந்த வழி இன்னும் கமென்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒப்பந்தம், வழக்கு, பரீட்சை அறிவித்தல், அழைப்பிதழ் இவற்றில் அது அழகாக நிற்கும். "த எக்ஸாமினேஷன் வில் கமென்ஸ் அட் நைன்" என்று அறிவித்தல் பலகையில் இருந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். (அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாவுக்கே கமென்ஸ்மென்ட் என்றுதான் பெயர்.) அதைத் தூக்கித் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டால் என்ன ஆகும் என்று, தொடக்கவிழாச் சொல்லான அங்குரார்ப்பணத்தை வைத்துத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள்: "நேற்று இரவு ஒன்பது மணிக்கு நித்திரையை அங்குரார்ப்பணம் செய்தேன்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிக் கதைக்கிற ஒருவரை நீங்கள் வேலைக்கு எடுப்பீர்களா?

சரி, ஸ்டார்ட்டுக்கும் பிகினுக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலான இடத்தில் ஒன்றுமில்லை. வகுப்பு, மழை, படம், சண்டை, எதற்கும் இரண்டும் பொருந்தும். பிகின் கொஞ்சம் அமைதியானது, எழுத்தில் கூட வரும், அவ்வளவுதான். இயந்திரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்தான். மோட்டார் சைக்கிளை ஒருவரும் பிகின் பண்ணுவதில்லை. கடையோ கம்பனியோ திறப்பதற்கும் ஸ்டார்ட்.

இனி எனக்குத் தலையிடி தருகிற மற்றதுக்கு வருகிறேன். என்னிடம் படிக்கிற தம்பி ஒருவர் வான் ஓடுகிறார். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நயினாதீவு போகவேண்டும், குறிகட்டுவானில் படகு பிடிக்க விடிய வெள்ளன வெளிக்கிடுவது என்று பேச்சு. இவர் வீட்டிலிருந்து புறப்பட்டதும் மரியாதையாகப் போன் எடுத்து, "மேடம், ஐ ஸ்டார்ட்டட்" என்றிருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "வித்அவுட் அஸ்?" தங்களை விட்டுவிட்டு அவர் தீவுக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

நாம் வெளிக்கிடுவதை எல்லாம் ஸ்டார்ட் என்கிறோம். கதைகளில் ஸ்டார்ட் என்பது பயணம் புறப்படுவதற்கும் வரும், அதை இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே எங்கே போகிறார்கள் என்பதும் கூடவே வரும். போனில் வெறுமனே "ஐ ஸ்டார்ட்டட்" என்றால் எதை என்ற கேள்விதான் எழும். 'ஐ ஹவ் லெஃப்ட்' அல்லது 'ஐ ஆம் ஒன் மை வே' என்று சொல்லுங்கள். நேர்முகப் பரீட்சைக்குப் பிந்திப் போகிற நாளில் இது உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது 'ஃப்ரம்'. "த கிளாஸ் வில் ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே." இது எங்கே இருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், "திங்கள் தொடக்கம்" என்று கதைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தொடக்கம் என்ற சொல்லுக்குள்ளேயே 'இருந்து' இருக்கிறது, அதனால் ஆங்கிலத்திலும் கை தானாக ஃப்ரம்மைத் தேடுகிறது. ஆனால் தொடங்குவது ஒருமுறை நடக்கிற காரியம். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், தொடங்குவது கொடியேற்றம் அன்று மட்டும்தானே? 25 நாளும் தொடங்கிக்கொண்டே இருப்பதில்லை. ஆகவே ஸ்டார்ட்ஸ் ஒன் மண்டே, ஸ்டார்ட்ஸ் அட் எய்ட். 'ஃப்ரம்' வேண்டும் என்றால் 'ரன்ஸ்' போடுங்கள், ரன்ஸ் ஃப்ரம் மண்டே டு ஃப்ரைடே.

பத்திரிகைத் தமிழ் செய்த கெடுதல் இன்னொன்று. "கூட்டம் ஆரம்பிக்கப்பட்டது" என்று வாசித்து வாசித்து, "த மீட்டிங் வொஸ் ஸ்டார்ட்டட் அட் டென்" என்று எழுதுகிறார்கள். வேண்டாம். கூட்டம் தானாகத் தொடங்கட்டும், 'த மீட்டிங் ஸ்டார்ட்டட்' போதும். ஒருவர் நிறுவிய ஒன்றுக்கு 'வொஸ் ஸ்டார்ட்டட்' பொருந்தும்: வட்டுக்கோட்டை செமினறி 1823 இல் அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பட்டது, அங்கே செயப்பாட்டுவினை சரி.

'ஐ ஹவ் பிகான்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஹவ், ஹஸ், ஹட் வந்தால் பிகன் (begun). தனியாக நின்றால் பிகான் (began). சிங், சாங், சங் தெரியும்தானே, அதே தாளம்தான். இதை ஓ/எல் பரீட்சை முடித்த பிறகும் நான் சொல்லித் தரவேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

'டு' போடுவதா 'இங்' போடுவதா என்று தயவுசெய்து நித்திரை முழிக்காதீர்கள். 'இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்', 'இட் ஸ்டார்ட்டட் ரெயினிங்', இரண்டும் சரி. 'ஸ்டார்ட்டிங் ரெயினிங்' என்று இரண்டு இங் அடுத்தடுத்து வந்தால் காதில் குத்தும், அங்கே டு போடுங்கள். விளங்குவது, தெரிவது போன்ற வினைகளுக்கும் டு: 'ஐ பிகான் டு அண்டர்ஸ்டாண்ட்'.

அந்தப் பிள்ளையின் கடிதத்துக்கு வருகிறேன். ஐந்து கமென்ஸையும் வெட்டினோம். ஒரு இடத்தில் ஸ்டார்ட்டட் போட்டோம். மூன்று இடத்தில் தொடங்குகிற வினையே தேவைப்படவில்லை, 'ஐ ஸ்டடீட்' என்றால் முடிந்தது. படித்தவள் ஒரு நாள் தொடங்கித்தான் இருப்பாள் என்பது வாசிக்கிறவருக்குத் தெரியாதா? தேத்தண்ணி வரி அடியோடு போனது.

"இப்ப கடிதம் சின்னனாப் போச்சே, சேர்" என்றாள், முகம் வாடிப்போய்.

போனால் போகட்டும், கையெழுத்தை வை என்றேன்.