இன்வெர்ட்டர் ஓடுகிறது என்பதால் வயரிங் சரி என்றாகிவிடாது

பயண டிரெய்லரில் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டில்) தாங்களே இன்வெர்ட்டர் பொருத்திக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஒரே புகாருடன்தான் என்னிடம் வருகிறார்கள். பேட்டரியில் எல்லாம் நன்றாக ஓடுகிறதாம். மின்கசிவுப் பாதுகாப்பு உள்ள 20 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு டிரெய்லரைச் செருகினால் மட்டும், அந்தப் பாதுகாப்பு உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறதாம். டிரெய்லர்கள் நிறுத்தும் முகாமின் 30 ஆம்பியர் சாக்கெட்டில் அப்படி விழுவதில்லை. ஆகவே அந்த 20 ஆம்பியர் சாக்கெட்தான் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஒழுங்காக வேலை செய்தது அந்தச் சாக்கெட் ஒன்றுதான். 30 ஆம்பியர் சாக்கெட்டில் பெரும்பாலும் மின்கசிவுப் பாதுகாப்பு இருப்பதில்லை, அதனால் கோளாறு வெளியே தெரியவில்லை.

வட அமெரிக்க டிரெய்லர்களில் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மூன்றே கம்பிகள்: 120 வோல்ட் லைவ், நியூட்ரல், எர்த். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது ஓரிடத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால், லைவ் கம்பி உலோகச் சட்டத்தில் பட்டாலும் பிரேக்கரை விழவைக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயாது. ஆனால் சேர்வது ஒரே இடத்தில், மின்சாரம் புறப்படும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வெளி மின்சாரத்தில் இருக்கும்போது அது முகாமின் மின்விநியோகப் பக்கம். அதனால்தான் அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, 551ஆம் பிரிவில், டிரெய்லரின் பிரேக்கர் பெட்டிக்குள் இரண்டையும் பிரித்தே வைக்கச் சொல்கிறது. வீட்டு வயரிங்கில் தேர்ந்த எலக்ட்ரீஷியன்களும் இங்கே சறுக்குவதுண்டு. வீட்டின் பிரதான பெட்டியில் இரண்டையும் இணைத்துப் பழகிய கை, இங்கேயும் இணைத்துவிடுகிறது.

இன்வெர்ட்டரில் ஓட்டும்போது மின்சாரம் புறப்படும் இடம் மாறிவிடுகிறது. அப்போது அந்த இணைப்பு இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். வெளி மின்சாரம் வந்ததும் விலகிவிட வேண்டும். சார்ஜருடன் சேர்ந்து வரும் நல்ல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே உள்ளே ஒரு ரிலே (தானே மாறும் சுவிட்ச்) உண்டு. மலிவானவற்றில் பெரும்பாலும் கிடையாது. அவற்றில் சிலவற்றுக்கு நியூட்ரல் என்ற ஒன்றே இல்லை. இரு முனைகளும் எர்த்தைப் பொறுத்துச் சுமார் 60 வோல்ட் காட்டும். அதில் ஒரு முனையை எர்த்துடன் இணைத்தால் இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம். கையேட்டைப் படித்துவிட்டு மேலே போகலாம்.

ஜெனரேட்டருக்கென்று விற்கும் நியூட்ரல்–எர்த் இணைப்புப் பிளக்கை ஒரு சாக்கெட்டில் செருகி வேலையை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. வெளி மின்சாரத்துக்கு மாறும்போது அதைக் கழற்றும் நினைவு யாருக்கு வருகிறது? அது அங்கேயே இருந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகத் திரும்பும். அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு விழுகிறது; நான் முதலில் சொன்ன புகாரின் காரணம் இதுதான். அதன் பிறகு செருகுமுனையில் நியூட்ரலும் எர்த்தும் தளர்ந்தால், உள்ளே ஏதேனும் ஒரு சாதனம் ஓடிக்கொண்டிருந்தாலே போதும், டிரெய்லரின் உடல் முழுவதும் 120 வோல்ட் ஏறும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. சில சாக்கெட்டுகளை மட்டும் இன்வெர்ட்டரில் ஓட்டத் தனியாக ஒரு துணைப் பெட்டி வைப்பது நல்ல யோசனை. ஆனால் லைவ் கம்பிகளை மட்டும் அங்கே மாற்றிவிட்டு, நியூட்ரல்களைப் பழைய பெட்டியின் பட்டையிலேயே விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டரில் வேலை செய்யவில்லை என்றதும், இரண்டு பெட்டிகளின் நியூட்ரலையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுகிறார்கள். இப்போது வேலை செய்யும்; அதுதான் ஆபத்து. வெளி மின்சாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை முழுதாக விட்ட பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும். அந்த ஏற்பாடே இந்த ஒரு துண்டுக் கம்பியால் வீணாகிறது. லைவ் எந்தப் பெட்டிக்குப் போகிறதோ, அதன் நியூட்ரலும் அங்கேதான் போக வேண்டும்.

இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கம்பியால் இன்வெர்ட்டரை டிரெய்லரின் சுவர் சாக்கெட்டில் இணைப்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. வெளியே தொங்கும் செருகுமுனையின் பித்தளைக் கால்களில் உயிர் மின்சாரம் நிற்கும். கம்பியை வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் பையைக் காலி செய்வது கன்வெர்ட்டர் சுற்று. வெளி மின்சாரத்தை மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவிதான் கன்வெர்ட்டர். பேட்டரி இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறது, இன்வெர்ட்டர் கன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறது, கன்வெர்ட்டர் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பமாகிப் போகிறது. கன்வெர்ட்டரும் வெந்நீர்க் கலனின் மின்சுருளும் வெளி மின்சாரப் பக்கத்திலேயே இருக்கட்டும். 1,400 வாட் சுருள் ஒன்று 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழப்புடன் சேர்த்துச் சுமார் 130 ஆம்பியர் இழுக்கும்.

பேட்டரிப் பக்கத்துக் கணக்கும் இதுவே. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 185 ஆம்பியருக்கு மேல் கேட்கும். தூரம் குறைவாக இருந்தாலும் 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் குறைந்து நான் போடுவதில்லை. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் T வகுப்பு (Class T) ஃபியூஸ்தான்: ஷார்ட் ஆகும்போது அந்தப் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், சாதாரண ஃபியூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி அணையாமல் தொடரலாம். சாலை அதிர்வில் திருகுகள் தளரும் என்பதால், முதல் பயணம் முடிந்ததும் இறுக்கிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும், வெளி மின்சாரத்தில் ஒரு ஹீட்டரை ஓடவிட்டு, அதே சுற்றிலுள்ள சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் பயமில்லை. கம்பியின் நீளத்தால் வரும் இழப்பு அது. சுமை ஓடும்போதும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டினால், டிரெய்லருக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். பிளக்கை உருவி, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.