ஆடுபவர் தளரும்போது பறை என்ன செய்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மதுரையில் ஒரு நவீன நடனம் பார்த்தேன். பறையும் தவிலும் மேடையிலேயே வாசித்தார்கள். ஆடிய பெண் திரும்பத் திரும்ப விழுந்தார், எழுந்தார். கடைசியில் தன்னை மறந்து ஆடினார், சோர்வே தெரியவில்லை. பதிவு செய்த இசையை ஒலிக்கவிட்டிருந்தால் இப்படி ஆடியிருக்க முடியுமா?"

கஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

ஓர் ஒலியைக் கேட்டு உடம்பு அசைய ஏறக்குறைய 150 மில்லி நொடி ஆகும். அடி விழட்டும் என்று காத்திருந்து காலை வைத்தால் எப்போதும் பிந்தும். அதனால் மூளை காத்திருப்பதில்லை. சில அடிகளைக் கேட்டதுமே அடுத்தது எப்போது என்று கணித்துவிடுகிறது. தாளத்துக்கு விரல் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் ஒலிக்குச் சற்று முன்பே தட்டுகிறார்கள். அசையாமல் உட்கார்ந்து கேட்கும்போதும் பேசல் கேங்லியா போன்ற, அசைவுக்கான மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன.

சரி, கணிப்பு பிசகினால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆடுபவர் 40 மில்லி நொடி பிந்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடுத்த அடியை 40 முன்னால் வைக்கிறார். பறைக்காரரும் அவர் காலைப் பார்த்து 40 தாமதிக்கிறார். இப்போது ஆடுபவர் 40 முந்திவிட்டார்! மாசி வீதிச் சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கித் தவிப்பார்களே, அதே கதை. இருவரும் முழுதாகத் திருத்தினால் பிசகு ஒருநாளும் தீராது. ஆளுக்குக் கால் பங்கு திருத்தினால் 40 என்பது 20 ஆகும், 20 என்பது 10 ஆகும், அப்படியே கரைந்துவிடும். தேர்ந்த கலைஞர்கள் யாரும் சொல்லாமலே இப்படிப் பகுதியளவு திருத்துகிறார்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயலின் போன்ற தந்திக் கருவிகளை வாசிக்கும் இரண்டு நால்வர் குழுக்களை அளந்தது. ஒன்றில் நால்வரும் ஏறக்குறைய சமமாகத் திருத்திக்கொண்டார்கள். மற்றதில் முதல் வயலின்காரர் மட்டும் குறைவாகத் திருத்தினார், மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள்.

இப்போது சோர்வைச் சேர்த்துப் பாருங்கள். கால் தளரத் தளர ஒவ்வோர் அடியிலும் புதுப் பிசகு முளைக்கும். பதிவு செய்த இசை யாருக்காகவும் நிற்காது. திருத்தும் வேலை முழுவதும் களைத்துப்போன ஆட்டக்காரர் தலையில் விழும். நேரில் வாசிக்கும்போது அதில் ஒரு பங்கைப் பறை எடுத்துக்கொள்கிறது. விழுந்தவர் எழும்வரை தாளத்தை இழுத்துப் பிடிக்கவும் அதனால் முடியும். அந்தப் பெண் மீண்டு எழுந்ததில் பறைக்காரரின் காதுக்கும் கண்ணுக்கும் பங்கு உண்டு.

தன்னை மறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளைச் சோதித்தார்கள். தனியாகத் துடுப்புப் போட்ட நாளைவிட, அதே உழைப்பைக் கூட்டாகச் செய்த நாளில் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. சேர்ந்து அசைந்து ஆடினாலும் அப்படித்தான் என்று பின்னால் வந்த நடன ஆய்வு காட்டியது. உடம்பில் சுரந்து வலியைக் குறைக்கும் என்டார்ஃபின் என்ற பொருள் இதற்குக் காரணமாகலாம் என்கிறார்கள்.

ஊர்ப் பொங்கலில் உறுமி அதிர அருள் வந்து ஆடுபவரை நடிப்பு என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த அனுபவம் உண்மையானது. ஆனால் வலிப்பு வந்த பிள்ளையைப் பேய் பிடித்ததென்று உடுக்கைக்கு முன்னால் உட்கார வைப்பது கொடுமை. அந்தப் பிள்ளையை முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாள ஆய்வுகளில் பெரும்பகுதி, ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு கருவியின் டிக் ஒலிக்கு விரல் தட்டியவர்களை வைத்து நடந்தவை. நம் பக்கத்திலோ தேவராட்டம், ஒயிலாட்டம், கரகாட்டம் என்று தலைமுறை தலைமுறையாக மேளத்தோடு கூடி ஆடும் குழுக்கள் இருக்கின்றன. இவர்கள் தாளத்தை ஆராய இங்குள்ள பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் போதும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். அசைவை அளக்கும் உணரி சாதாரண செல்போனிலேயே இருக்கிறது. ஆடுபவர்களின் கணுக்காலில் அப்படி ஓர் உணரியைக் கட்டி, தேவராட்டத்துக்கு அடிக்கும் தேவதுந்துபி மேளத்துக்குப் பக்கத்தில் ஒரு மைக் வைத்தால், களைப்பு ஏற ஏற யார் யாரை எவ்வளவு திருத்துகிறார் என்று கணக்கெடுத்துவிடலாம். கலைஞர்களுக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.